ஒரு கை, பல கணக்கு: இணைய விளையாட்டில் தொடங்கும் முன் தெரிய வேண்டியவை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு சற்றுப் புதுமையானது. இணைய விளையாட்டில் ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, ஐந்து கணக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுவதைப் பற்றியும், அதற்கு உதவும் மென்பொருளைப் பற்றியும் பேச வேண்டும். விளையாடுபவர்கள் இதை மல்டிபாக்சிங் என்பார்கள். பாக்ஸ் என்பது இங்கே கணினிப் பெட்டியைக் குறிக்கும். ஒரு கணக்குக்கு ஒரு பெட்டி என்று வரிசையாகக் கணினிகளை வைத்து விளையாடிய காலத்தில் வந்த பெயர் அது.

"இதெல்லாம் கருத்தரங்கில் பேச வேண்டிய விஷயமா?" என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் வந்து, "அப்பா, எனக்கு இன்னொரு கணக்கு வேணும், மாதா மாதம் பணம் கட்டணும்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? எதற்காகக் கேட்கிறான் என்று தெரியாமல் சரி என்று சொல்வதும் தவறு, முடியாது என்று சொல்வதும் தவறு. இதில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன: வீட்டுப் பணம், பிள்ளை பல ஆண்டுகள் வளர்த்த கணக்கு, வீட்டுக் கணினியின் பாதுகாப்பு. மூன்றையும் ஒரே ஒரு தவறான பதிவிறக்கத்தில் இழந்துவிட முடியும்.

எதற்காக இரண்டாவது கணக்கு?

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டு வந்தது. அதில் ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். ஒருவர் முன்னால் நின்று அடி வாங்குவார், ஒருவர் காயத்தை ஆற்றுவார், மற்றவர்கள் தாக்குவார்கள். தனியாகப் போனால் பல இடங்களில் பிழைக்க முடியாது. ஆனால் நள்ளிரவில் காயத்தை ஆற்ற ஆள் கிடைக்க வேண்டுமே! அதனால் சிலர் பக்கத்தில் இன்னொரு கணினியை வைத்து, இன்னொரு கணக்கைத் திறந்து, அந்த வேலையையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

நம் வட்டாரத்தில் ரக்னாரோக் ஆன்லைன் விளையாடியவர்களுக்கும் இது புதிதல்ல. ஒரு கணக்கில் வேட்டைக்குப் போவார்கள். இன்னொரு கணக்கில் ஒரு வணிகரைச் சந்தை நகரில் உட்கார வைத்து, கிடைத்த பொருள்களை விற்கக் கடை விரித்துவிடுவார்கள்.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்த பிறகு இந்தப் பழக்கம் மிகவும் பரவியது. ஐந்து கணக்குகளில் ஐந்து மந்திரவாதிகளை வைத்துக்கொண்டு, ஒரே விசையை அழுத்தினால் ஐந்து பேரும் ஒரே நொடியில் மின்னலை ஏவுவார்கள். எதிரே நிற்பவர் என்ன நடந்தது என்று அறியும் முன்பே வீழ்ந்துவிடுவார். முப்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளை ஒருவரே நடத்திய செய்திகளும் வந்தன.

ஆக, ஆசைக்குக் காரணம் இருக்கிறது. துணைக்கு ஆள் தேவை, பொருள் சேர்க்க வேண்டும், சிலருக்கு ஒரு படையையே நடத்திப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம். இதில் எது அனுமதிக்கப்பட்டது, எது அனுமதிக்கப்படாதது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று வகை மென்பொருள்

சாதாரணமாக ஒரு கணினியில் எத்தனை சாளரங்கள் திறந்திருந்தாலும், நீங்கள் அழுத்தும் விசை ஒரே ஒரு சாளரத்துக்குத்தான் போகும். எந்தச் சாளரம் அந்த நேரத்தில் முன்னால் இருக்கிறதோ, அதற்கு. மற்றவை காத்திருக்கும். இந்த அடிப்படையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை மென்பொருள், சாளரங்களை ஒழுங்குபடுத்துவது. ஒரு விளையாட்டைப் பெரிதாக நடுவிலும், மற்றவற்றைச் சிறிதாக ஓரத்திலும் வைக்கும். ஓரத்தில் இருப்பதைத் தொட்டால் அது முன்னால் வரும். உங்கள் விசை இன்னமும் ஒரு சாளரத்துக்குத்தான் போகிறது. ஈவ் ஆன்லைன் விளையாடுபவர்கள் பயன்படுத்தும் ஈவ்-ஓ பிரிவியூ இந்த வகை. மற்ற கணக்குகளின் திரையைச் சின்னப் படங்களாகக் காட்டும். எந்தக் கப்பலுக்கு ஆபத்து என்று பார்த்து அதற்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டாம் வகை, விசையைப் படியெடுப்பது. நீங்கள் ஒரு முறை அழுத்தியதை இடையில் பிடித்து, எல்லாச் சாளரங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும். ஐஎஸ்பாக்ஸர், ஹாட்கீநெட் ஆகியவை இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. ஐஎஸ்பாக்ஸரில் முதல் வகை வசதியும் உண்டு. ஆகவே மென்பொருளின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதில் எந்த வசதியை நீங்கள் இயக்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

மூன்றாம் வகை, பாட் எனப்படும் தானியங்கி. இங்கே மனிதனே தேவையில்லை. நீங்கள் உறங்கிக்கொண்டிருப்பீர்கள், அது நடக்கும், அடிக்கும், பொறுக்கும். இதை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தடை செய்திருக்கின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்காக விற்கப்பட்ட குளைடர் என்ற தானியங்கிக்கு எதிராகப் பிளிஸார்ட் நிறுவனம் நீதிமன்றத்தில் வழக்காடியது. 2009இல் அது நீதிமன்றத் தடையால் நிறுத்தப்பட்டது.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையில் குழப்பமில்லை. சிக்கல் எல்லாம் நடுவில் இருக்கும் இரண்டாம் வகையில்தான்.

விதி மாறிய கதை

பல ஆண்டுகளாக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் விசையைப் படியெடுப்பது அனுமதிக்கப்பட்டே இருந்தது. "ஒவ்வொரு கணக்குக்கும் பணம் கட்டுகிறார், விசையை அழுத்துவதும் மனிதர்தான், பிறகென்ன?" என்பது வாதம். ஆனால் ஒரே ஆள் பல கதாபாத்திரங்களை ஓட்டிக்கொண்டு போய் மூலிகைகளையும் தாதுக்களையும் அள்ளிக் குவித்தார். சந்தையில் விலை சரிந்தது. ஒரு கணக்கில் பொறுமையாகப் பொறுக்கியவரின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போனது. புகார்கள் பெருகின.

2020 நவம்பரில் பிளிஸார்ட் தன் கொள்கையை மாற்றியது. ஒரு விசையைப் பல கணக்குகளுக்கு அனுப்பும் மென்பொருளைப் பயன்படுத்தினால் முதலில் எச்சரிக்கை, பிறகு கணக்கு முடக்கம், நிரந்தரமாக மூடப்படவும் கூடும் என்று அறிவித்தது. மறு ஆண்டில், அதே வேலையைச் செய்யும் கருவிகளையும் தடையில் சேர்த்தது. ஆனால் பல கணக்குகளை வைத்திருப்பதை அது தடை செய்யவில்லை. ஒரு பேட்டில்.நெட் கணக்கின் கீழ் எட்டு வார்கிராஃப்ட் கணக்குகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் நடத்தும் ஈவ் ஆன்லைன் இன்னும் முன்னதாகவே இந்த முடிவுக்கு வந்தது. 2015 ஜனவரி 1 முதல் அங்கே விசையைப் படியெடுப்பதற்குத் தடை. ஆனால் பல கணக்குகளுக்குத் தடையில்லை. சொல்லப்போனால் அந்த விளையாட்டில் இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பது சர்வ சாதாரணம்.

எவர்குவெஸ்ட்டின் பாதை வேறு. 2015 டிசம்பரில் தொடங்கிய பினிஜெல் என்ற சேவையகத்தில், ஒரு கணினியில் ஒரு கணக்கு மட்டுமே திறக்கலாம் என்று விதி வைத்தார்கள். இரண்டு கணக்கு வேண்டுமானால் இரண்டு கணினி வேண்டியிருந்தது. அங்கே சாளரத்தை ஒழுங்குபடுத்தும் மென்பொருளுக்கே வேலையில்லாமல் போனது.

இந்த மூன்று உதாரணங்களையும் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையத்தில் தேடினால் விளக்கப் படங்கள் நிறையக் கிடைக்கும். "ஐந்து கணக்குகளை ஒரே விசையில் இயக்குவது எப்படி" என்று படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். அவற்றில் பல 2020க்கு முன்பு எடுக்கப்பட்டவை. எடுத்த காலத்தில் அவர் சொன்னது சரி. இன்று அதை அப்படியே பின்பற்றும் பையன், தான் தவறு செய்கிறோம் என்று தெரியாமலே பல ஆண்டுக் கணக்கை இழப்பான். ஆகவே தொடங்குபவர் முதலில் திறக்க வேண்டியது மென்பொருள் அல்ல, அந்த விளையாட்டின் இன்றைய விதிமுறைப் பக்கம். படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள்.

எல்லா விளையாட்டுக்கும் விதி ஒன்றல்ல. என்றாலும், பாதுகாப்பான பக்கத்தில் நிற்க ஒரு அளவுகோல் உண்டு: ஒரு முறை அழுத்தினால், ஒரு கணக்கில், ஒரு செயல். இந்த எல்லைக்குள் நின்று, பல கணக்குகளுக்கு அனுமதி தரும் விளையாட்டில் விளையாடினால், தூக்கம் கெடாது.

எப்படித் தொடங்குவது?

மாணவர்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, இரண்டே கணக்கில் தொடங்குங்கள். ஐந்தில் வேண்டாம். ஒரு கணக்கு தலைவர், மற்றது துணைவர். துணைவருக்கு மிகக் குறைந்த விசைகளில் வேலை முடியும்படி ஒரு கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். காயம் ஆற்றுபவர் பொருத்தமானவர். இரண்டு பேருமே ஓடி ஆடிச் சண்டை போடுபவர்களாக இருந்தால் இரண்டு பேரும் சாவார்கள்.

இரண்டு, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் வசதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். வார்கிராஃப்ட்டில் "பின்தொடர்" என்ற கட்டளை இருக்கிறது. துணைவருக்கு ஒரு முறை கொடுத்தால் அவர் தலைவரின் பின்னால் நடந்து வருவார். தலைவர் யாரைக் குறிவைக்கிறாரோ அவரையே துணைவரும் குறிவைக்கும் கட்டளையும் உண்டு. இவை விளையாட்டைச் செய்தவர்களே கொடுத்தவை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

மூன்று, கணினியின் தாங்கும் சக்தியைப் பாருங்கள். ஒரு கணக்கை மட்டும் திறந்து, எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு 4 ஜிகாபைட் பிடித்தால் இரண்டு கணக்கு 8 ஜிகாபைட். கணினியின் மொத்த நினைவகமே 8 ஜிகாபைட் என்றால், விண்டோஸ் எங்கே போகும்? கணினி திணறும். துணைவரின் சாளரத்தில் படத்தின் தரத்தைக் குறைத்து வையுங்கள். பின்னால் இருக்கும் சாளரம் ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்ட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு வார்கிராஃப்ட்டில் இருக்கிறது. அதைக் குறைத்தால் கணினியின் சூடும் குறையும், மின்சாரமும் மிச்சமாகும்.

நான்கு, முழுத்திரையில் விளையாடாமல் சாளர முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தலைவர் பெரிதாக, துணைவர் ஓரத்தில் சிறிதாக. வீட்டில் பழைய திரை ஒன்று கிடந்தால் அதைப் பக்கத்தில் இணைத்துக்கொள்ளலாம். ஆல்ட், டேப் ஆகிய இரண்டு விசைகளை அழுத்தினால் சாளரம் மாறும். முதல் வாரம் எந்த மென்பொருளும் இல்லாமல் இப்படியே பழகிப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும் என்று தெரிந்துவிடும். போதாது என்றால், அப்போது முதல் வகை மென்பொருளுக்குப் போகலாம்.

ஐந்து, விளையாட்டின் வேகத்தைக் கவனியுங்கள். ஈவ் ஆன்லைனில் ஒரு கப்பல் விண்கல்லைத் தோண்டத் தொடங்கினால் ஒரு சுற்று முடிய நேரம் எடுக்கும். அதற்குள் இன்னொரு கப்பலைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு கணக்கு தோண்டும், இன்னொன்று சரக்கை ஏற்றிச் செல்லும், மூன்றாவது அடுத்த மண்டலத்தில் எதிரி வருகிறானா என்று காவல் காக்கும். நொடிக்கு நொடி விசை அழுத்த வேண்டிய சண்டை விளையாட்டில், விசையைப் படியெடுக்காமல் இது நடக்காது. படியெடுத்தால் தடை. ஆகவே அப்படிப்பட்ட விளையாட்டில் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

பணக் கணக்கு

இனி பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. வார்கிராஃப்ட்டில் ஒரு கணக்குக்கு அமெரிக்க விலை மாதம் 14.99 டாலர். ஐந்து கணக்கு என்றால் மாதம் 74.95 டாலர், ஆண்டுக்கு ஏறக்குறைய 900 டாலர். புதிய பாகம் வெளிவரும்போது அதையும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஈவ் ஆன்லைனின் மாதக் கட்டணம் 2022 மே மாதத்தில் 14.99 டாலரிலிருந்து 19.99 டாலராக உயர்ந்தது.

"ஈவ் இலவசமாகவும் விளையாடலாமே" என்று பிள்ளை சொல்வான். உண்மைதான், 2016 முதல் இலவசக் கணக்கு உண்டு. ஆனால் இலவசக் கணக்கை இன்னொரு கணக்கோடு ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடாது என்பது விதி. இரண்டு கணக்கு வேண்டுமானால் இரண்டுக்கும் கட்டணம் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது.

இன்னொரு வாதமும் வரும். "விளையாட்டில் சம்பாதிக்கும் தங்கத்தைக் கொண்டே மாதக் கட்டணத்தைக் கட்டலாம்." இதுவும் உண்மை. 2015 முதல் வார்கிராஃப்ட்டில் அதற்கு டோக்கன் இருக்கிறது, ஈவ் ஆன்லைனில் பிளெக்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தத் தங்கம் எங்கிருந்து வருகிறது? பிள்ளையின் நேரத்திலிருந்து. மூன்று கணக்குகளுக்கு வாடகை கட்டுவதற்காகவே தினமும் மூன்று மணி நேரம் தோண்டிக்கொண்டிருந்தால், அது விளையாட்டா, சம்பளமில்லாத வேலையா என்று பிள்ளையையே கேளுங்கள். அவன் யோசிப்பான்.

நெறியாளரின் கேள்வி

நெறியாளர் அவர்கள் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார்: "ஐயா, இப்போது பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டைத்தானே அதிகம் விளையாடுகிறார்கள்? அதிலும் இது உண்டா?"

உண்டு ஐயா. கணினியில் கைப்பேசியைப் போலச் செயல்படும் மென்பொருள்கள் இருக்கின்றன. புளூஸ்டாக்ஸ், எல்டிபிளேயர், நாக்ஸ்பிளேயர் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. ஒரே கணினியில் பல கைப்பேசிகள் இருப்பது போலப் பல பிரதிகளைத் திறக்க இவற்றில் வசதி உண்டு. ஒரு திரையில் செய்வதை மற்றத் திரைகளிலும் அப்படியே செய்யும் "ஒத்திசைவு" வசதியும் உண்டு. பெயர் வேறாக இருந்தாலும் இது நாம் பார்த்த இரண்டாம் வகைதான். மென்பொருளில் பொத்தான் இருக்கிறது என்பதற்காக விளையாட்டு நிறுவனம் அதை அனுமதிக்கிறது என்று பொருளல்ல. பொத்தானைக் கொடுத்தவர் ஒருவர், கணக்கை முடக்குபவர் வேறொருவர்.

பாதுகாப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. நாக்ஸ்பிளேயரின் புதுப்பிப்பு வழியாகவே சிலருடைய கணினிகளுக்கு உளவு பார்க்கும் நச்சுநிரல் அனுப்பப்பட்டிருந்தது. குறிவைக்கப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். தைவான், ஹாங்காங், இலங்கை ஆகிய இடங்களில் இருந்தவர்கள். அவர்கள் செய்த தவறு எதுவுமில்லை, வந்த புதுப்பிப்பை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பெயர் பெற்ற மென்பொருளுக்கே இப்படி நடக்கும்போது, முகம் தெரியாத ஒருவர் அரட்டையில் அனுப்பும் "இலவச மல்டிபாக்சிங்" கோப்பைப் பற்றி என்ன சொல்வது? அதனால் நான்கு விஷயங்களை உறுதியாகப் பின்பற்றுங்கள். மென்பொருளை அதைச் செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். "நச்சுநிரல் தடுப்பை நிறுத்திவிட்டுப் போடுங்கள்" என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். விளையாட்டுக் கடவுச்சொல்லை வேறு எந்த மென்பொருளிடமும் கொடுக்காதீர்கள், இரண்டு படிச் சரிபார்ப்பை எல்லாக் கணக்குகளுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை, வங்கி வேலைகளைப் பார்க்கும் கணினியில் இந்த மென்பொருள்களை வைக்காதீர்கள்.

பெற்றோர்களுக்கு

அரங்கில் ஒரு தாயார் கேட்டார்: "தம்பி, நாங்கள் விளையாடியதே இல்லை. பிள்ளை செய்வது சரியா தவறா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா, நீங்கள் விளையாட வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "நீ ஒரு விசையை அழுத்தினால் எத்தனை பேர் நகர்கிறார்கள்?" ஒருவர் என்றால் கவலை குறைவு. எல்லோரும் ஒன்றாக நகர்ந்தால், "இதற்கு அனுமதி உண்டா? விதியைக் காட்டு" என்று கேளுங்கள். விதிமுறைப் பக்கத்தை அவன் காட்ட வேண்டும், நண்பன் சொன்னான் என்பது பதிலாகாது. மூன்றாவது கேள்வி, "இந்த மென்பொருளை எங்கிருந்து எடுத்தாய்?" என்பது. நேரான பதில் வந்தால் நம்பலாம். தயக்கம் வந்தால், கோபப்படாமல் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அதட்டினால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் செய்வான், வங்கி அட்டையின் எண் மட்டும் விளையாட்டில் பதிந்திருக்கும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "எல்லோரும் செய்கிறார்கள், யாரும் பிடிபடவில்லை" என்று உங்கள் குழுவில் சொல்வார்கள். பிடிபட்டவர் அந்தக் குழுவில் இருக்க மாட்டார், அவருடைய கணக்குதான் போய்விட்டதே! அவர் எப்படி வந்து சொல்வார்? உங்கள் கணக்கு உங்கள் உழைப்பு. விதிமுறைப் பக்கத்தைப் படிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிட்ட பிறகு இரண்டாவது கணக்கைத் திறங்கள், மகிழ்ச்சியாக விளையாடுங்கள்.